எண்ணூரில் எங்கள் கம்பெனி கண்டெடுத்தது

'காரியதரிசி' என்று என் பெயருக்குக் கீழே அச்சடித்த அட்டைகள் ஒரு கட்டு இன்னும் வீட்டில் கிடக்கின்றன. மேசைக்கால் ஆடினால் என் மனைவி அதில் ஒன்றை எடுத்து மடித்துக் காலுக்கடியில் செருகுவாள். நல்ல தடித்த அட்டை. எண்ணெய்க் கம்பெனி என்றால் சும்மாவா?

கம்பெனியின் சரித்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னச் சரித்திரம்தான், பயந்துவிட வேண்டாம். எங்கள் முதலாளிக்குக் கொழும்பில் சுருட்டுக்கடை. பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில். அங்கே கிணறு தோண்டினால் கடல்தான் வரும். "உப்புத் தண்ணி ஊருக்கு ஆர் பொம்பிளை தருவினம்? நான் கலியாணம் கட்டேக்கை மாப்பிளைக்கும் தலை நரை, மாப்பிளைத் தோழனுக்கும் தலை நரை" என்று சொல்லிச் சிரிப்பார். யுத்த காலத்தில் மதராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய மருமகன், எண்ணூர் உப்பங்கழியில் தண்ணீருக்கு மேலே வானவில் மாதிரி எண்ணெய் மிதப்பதாக எழுதிவிட்டான். கப்பல்கள் போகிற கரையோரமெல்லாம் அப்படித்தான் மிதக்கும் என்று எடுத்துச் சொல்ல அப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் இருந்தேன். நானும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்ததும் முதலாளி கம்பெனியைத் தொடங்கினார். பெயர் நீளம், பலகையில் அடங்காமல் கடைசிச் சொல்லைச் சுவரில் எழுதினோம். தலைமை ஆசிரியர்களும், பென்ஷன் வாங்கிய ஸ்டேஷன் மாஸ்டர்களும் பங்கு வாங்கினார்கள். கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். பெட்ரோலியம் என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதே என் தகுதி. அட்டை அச்சாகி வந்த மாதமே எனக்குக் கல்யாணம் பேசி வந்தது. சுருட்டுக்கடைக் கணக்கப்பிள்ளைக்கு மறுத்த பெண்ணை எண்ணெய்க் கம்பெனிக் காரியதரிசிக்கு மாமனார் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்.

பர்மா எண்ணெய் வயல்களில் துளை போட்டுப் பழகி, யுத்தத்தில் நடந்தே ஊர் வந்து சேர்ந்த ராயபுரத்து அந்தோணிசாமியைப் பிடித்தோம். பட்டாளம் விட்டுப்போன பழைய துளை எந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, எண்ணூர் மணலில் துளைக்கச் சொன்னோம். அவரும் துளைத்தார். 'வேலை முன்னேற்றம்' என்று மாதம் தவறாமல் தந்தி வரும். எண்ணெய் மட்டும் வரவில்லை. கடைசியில் டைரக்டர்கள் கூடி, என்னை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். எண்ணெய் இருந்தால் கம்பெனி நடக்கும். இல்லாவிட்டால் துளையைச் சிமெண்டால் அடைத்துவிட்டுக் கம்பெனியையும் மூடிவிடுவது. "நாங்கள் தோண்டின ஓட்டையிலை நாளைக்கு வேறை ஒருத்தன் எண்ணெய் எடுக்கப்படாது, கண்டீரோ?" என்றார் முதலாளி. சிமெண்ட் மூட்டைகள் எனக்கு முன்னமே எண்ணூர் போய்ச் சேர்ந்துவிட்டன. கம்பெனி மூடினால் நான் மறுபடி சுருட்டுக்கடையில். மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? கப்பலேறும்போதே எனக்கு மூக்கில் எண்ணெய் வாசனை அடிக்கத் தொடங்கிவிட்டது.

ராயபுரத்தில் காதர் பாய் என்பவரின் சாப்பாட்டுக்கடை மாடியில் அறை. கீழே ஆட்டுக்கால் கொதிக்கும். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கரிப்புகை, மூடினால் கருவாடு. காதர் பாய் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தபடி, "சார் மலையாளமா?" என்றார். நான் தமிழன் என்றேன். "அப்டியா? நல்லா தமிழ் பேசுறீங்களே!" என்று பாராட்டினார். எங்கள் யாழ்ப்பாணத் தமிழ்தான் சுத்தத் தமிழ் என்று கப்பலில் ஒருவரிடம் நெடுநேரம் விளக்கிக்கொண்டு வந்தவன் நான். அந்த ஊரில் இருந்தவரைக்கும் என் தமிழைக் கேட்டு மலையாளமா என்று கேட்காத ஒரே ஆள் எண்ணூர் ஸ்டேஷன் மாஸ்டர், அவரே மலையாளி.

காலையில் இடியப்பமும் பாயாவும் வந்தன. எங்கள் இடியப்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரம்தான். நாங்கள் அதன்மேல் தேங்காய்ப்பால் சொதி ஊற்றுவோம். இவர்கள் ஒரு முழு ஆட்டின் காலை ஊற்றுகிறார்கள். சொதியைப் பற்றி இனிமேல் வெளியூரில் பெருமையடிப்பதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தோணிசாமி வந்துவிட்டார். கட்டையான மனிதர், கழுத்தில் ஜெபமாலை, தலையில் பர்மாவிலிருந்து அவரோடு நடந்துவந்த தொப்பி. "வாங்க சார்! சிலோன்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கையைப் பிடித்தவர், நேரே மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த தம் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அவர் மனைவி சுறாப்புட்டும் நெத்திலிக் குழம்பும் வைத்திருந்தார். நான் எண்ணூர் போகலாமா என்றேன். "மொதல்ல சாப்புடுங்க சார். தொளை எங்க ஓடிடப் போவுது?" என்றார். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வைத்தார்கள். அதையும் சாப்பிட்டேன். பிறகு நான் நிமிர்ந்து உட்காரவே வெயில் சாய்ந்துவிட்டது. கம்பெனியின் முதல் நாள் ஆய்வு அப்படி முடிந்தது.

மறுநாள் நானே புறப்பட்டுவிட்டேன். பேசின் பிரிட்ஜில் ஏறினால் நேரே எண்ணூர் என்று காதர் பாய் சொல்லியிருந்தார். பேசின் பிரிட்ஜில் எத்தனை தண்டவாளம், எத்தனை பக்கம் பிரிகிறது என்பதை அவர் சொல்லவில்லை. மின்சார நிலையத்துப் புகைபோக்கியை ஒரு பிரயாணிக்குரிய மரியாதையோடு வியந்து பார்த்துக்கொண்டே எதிரில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் வரும், உப்பளம் வரும் என்று பார்த்தால் வயலும் மாடும் வந்தன. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் எண்ணூர் எப்போது வரும் என்று கேட்டேன்.

"எண்ணூரா? இது ஆவடி போற வண்டி நைனா. எண்ணூரு அந்தாண்ட கீது" என்று முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், மலையாளத்தான். வூட்ல தேடுவாங்க" என்றாள்.

ஆவடியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு மசால்வடை தின்றுவிட்டுத் திரும்பினேன். பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வந்தவனுக்குப் பூமிக்கு மேலே எண்ணூர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. டைரக்டர்களிடம் இதைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் அந்தோணிசாமியே வந்து சரியான வண்டியில் ஏற்றினார். தண்டையார்ப்பேட்டைப் பக்கம் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தபோது சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல் எழுந்து நின்றேன். "உக்காருங்க சார், அது நம்ம கம்பெனி இல்ல" என்றார் அவர். திருவொற்றியூர்க் கோயிலுக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். பிறகு உப்பளம், சவுக்குத் தோப்பு, மணல், எண்ணூர்.

இறங்கியதும் துளைக்குப் போகலாம் என்றேன். "மெஷினுக்குப் பல்லு வலி சார். ஒரு பல்லு போயிடுச்சு, பட்டறைக்கு அனுப்பிகீறேன். அப்பால பாத்துக்கலாம். மொதல்ல எண்ணெ மெதந்த எடத்தைப் பாக்க வேணாமா?" என்று படகில் ஏற்றிவிட்டார். சரித்திரப் புகழ் பெற்ற இடம் அல்லவா, நானும் ஏறினேன். கழியில் ஒரு சுற்று வருவதற்குள் தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கி நடந்தோம். என் வலதுகால் சப்பாத்தைச் சேறு வாங்கி வைத்துக்கொண்டது. கழியில் எங்கள் கம்பெனி இறக்கிய முதலீடுகளில் அதுவும் ஒன்று.

கரையில் ஒரு டீக்கடை. வாயில் வைத்ததும் துப்பினேன். கடலில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. "எண்ணூரு தண்ணி அப்டித்தான் சார்" என்றார் அந்தோணிசாமி. ஒற்றைச் சப்பாத்தோடு நான் நொண்டுவதைப் பார்த்து, குப்பத்தில் நாகம்மா என்ற மீன்காரம்மா தன் குடிசைக்குக் கூப்பிட்டாள். வாட்டசாட்டமான பெண். குரல் அலைக்கு மேலே கேட்கும். "வா சாரு, குந்து. இறா கொழம்பு கீது" என்றாள். இறால் அவ்வளவு ருசியாக நான் தின்றதில்லை. பிறகு தேநீர் வந்தது. குடித்துவிட்டு, "இதல்லோ தேத்தண்ணி! கடைக்காரன் உங்களிட்டைப் படிக்கவேணும்" என்று வாய்விட்டுப் புகழ்ந்தேன். நாகம்மா அந்தோணிசாமியைப் பார்த்தாள். அந்தோணிசாமி கூரையைப் பார்த்தார்.

நான் புறப்படும்போது, "ஆமா சாரு, கொட்டாய்ல அந்த சிமிட்டி மூட்டைங்க இன்னாத்துக்கு வந்து எறங்கிகீது?" என்று நாகம்மா கேட்டாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அது கம்பெனி ரகசியம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. காலில் ஒரு சப்பாத்துதான் இருந்தது.

ரயிலில் திரும்பும்போது சந்தேகம் வந்துவிட்டது. முதல் நாள் சுறாப்புட்டு, இன்று பல்வலி. இந்த மனிதர் துளையை ஏன் என் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறார்? ஏதோ மறைக்கிறார். மறைப்பதென்றால் மறைக்கத் தக்கது ஏதோ இருக்க வேண்டும். எண்ணெய்க் கம்பெனி மறைக்கத் தக்கது வேறென்ன? இவ்வளவு ஒழுங்காக நான் அதற்கு முன்னாலும் யோசித்ததில்லை, பின்னாலும் யோசித்ததில்லை.

காதர் பாய்க்குத் தெரிந்த மீன் லாரி ஒன்று விடிவதற்கு முன்னே எண்ணூர் போகும். அதில் காலிக் கூடைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். எண்ணூரில் என்னை இறக்கிவிட்டபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்புக்குள் ஒளிந்து ஒளிந்து நடந்து, கம்பெனியின் தகரக் கொட்டகையைக் கண்டேன். கண்டதும் ஒரு மரத்துக்குப் பின்னால் பதுங்கினேன்.

கொட்டகை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் மண்ணெண்ணெய் டின். நிறைந்த டின்களின் வாயைப் பனையோலையால் மூடி, தளும்பாமல், சத்தமில்லாமல் தலையில் வைத்துக்கொண்டு குப்பத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தும்மல் போட்டேன். அவ்வளவுதான். "ஐயோ, சிலோனுகாரன்!" என்று ஒரு குரல். கண்மூடித் திறப்பதற்குள் வரிசை கலைந்துவிட்டது. ஒருத்தி போட்டுவிட்டுப் போன டின் மணலில் கவிழ்ந்து கிடந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனை!

மண்ணெண்ணெய் டின்னில் மண்ணெண்ணெய் வாசனை வராமல் மல்லிகைப்பூ வாசனையா வரும்? எங்கள் வீட்டில் கோயில் கிணற்றிலிருந்து குடிதண்ணீர் வருவதும் மண்ணெண்ணெய் டின்னில்தான். தூக்கி வருவதும் நானேதான். ஓலை மிதக்கவிட்டால் தண்ணீர் தளும்பாது என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஆசை கண்ணை மறைத்தால் கண்ணிருந்தென்ன, மூக்கிருந்தென்ன! அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே: எண்ணெய் கிடைத்துவிட்டது, இவர்கள் திருடுகிறார்கள்.

கொட்டகையை அதற்குள் யாரோ பூட்டிவிட்டார்கள். நான் தபாலாபீசுக்கு ஓடினேன். 'எண்ணெய் பாய்கிறது. ஊரார் களவு. நடவடிக்கை எடுக்கிறேன்' என்று முதலாளிக்குத் தந்தி அடித்தேன். இன்னொன்று மாமனாருக்கு. ராயபுரம் திரும்பி அல்வா வாங்கி, காதர் பாய்க்கும் கடையிலிருந்த எல்லாருக்கும் கொடுத்தேன். காதர் பாய் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "எண்ணெயா? எண்ணூருலயா? குப்பத்துல ராவுல ஒரு வெளக்கு எரியாது சார். எண்ணெய எடுத்துகினு போறவங்க இருட்டுலயா குந்திகினு இருப்பாங்க?" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த காலை திருவொற்றியூரிலிருந்து ஒரு போலீஸ்காரரை அழைத்துக்கொண்டு போனேன். கம்பெனிச் சொத்து களவு போகிறது என்று நான் கொடுத்த விளக்கத்தில் அவருக்கே மீசை துடித்தது. அந்தோணிசாமி எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். பூட்டைத் திறந்தார். உள்ளே தரையிலிருந்து ஒரு தடித்த இரும்புக் குழாய். மேலே திருகுசக்கரம். "திறவுங்கோ!" என்றேன், மேடையில் ராஜா வேஷம் கட்டியவன் மாதிரி. சக்கரத்தைத் திருகினார்.

குபுகுபுவென்று பொங்கியது. பளிங்கு மாதிரி.

போலீஸ்காரர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி வாய் நிறையக் குடித்தார். முகம் கழுவினார். மறுபடியும் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "சோக்கா கீது சார். எங்க ஸ்டேஷனாண்ட கூட இப்டி தண்ணி கெடையாது. சரி, குடிதண்ணி எடுத்துகினு போனதுக்கு நான் இன்னா கேசு எழுதறது, நீயே சொல்லு" என்றார்.

போலீஸ்காரர் தம் தண்ணீர்க் கூஜாவை நிரப்பிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் மணலில் உட்கார்ந்தேன்.

அந்தோணிசாமி எதிரே குந்தினார். "தொளைச்சிகினே போனேன் சார். எண்ணெ வரும் எண்ணெ வரும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தினேன். ஒரு நாள் கொழாய் தானா பொங்கிச்சு. எண்ணெதான்னு வாய்ல ஊத்திப் பாத்தா, தண்ணி. இளநி மாதிரி. எனக்கு அழுவ வந்துடுச்சு சார்" என்றார்.

"ஏன் எங்களுக்கு எழுதேல்லை?"

"எழுதினா அடைன்னு சொல்லுவீங்களே சார். பர்மாவுல எவ்ளோ தொளையை இந்தக் கையால அடைச்சிகீறேன், ஒண்ணுக்கும் மனசு நோவல. இத்த அடைக்க மனசு வர்ல. நீங்க வந்ததும் சொல்லிடலாம்னு தான் இருந்தேன். சாப்புட்டு முடிக்கட்டும், சந்தோஷமா இருக்கட்டும், அப்பால சொல்லலாம்னு..." என்று தொப்பியைத் தடவினார்.

அதற்குள் குப்பமே வந்து நின்றது. நாகம்மா முன்னால் வந்தாள். அவள் கையில் டின் இருந்தது, இப்போது ஒளிக்கவில்லை.

"சாரு, நீ கோச்சிக்காத. திருட்டுத்தனம்னா திருட்டுத்தனந்தான், ஒத்துக்கறோம். ஆனா ஒண்ணு கேளு. எங்க கொப்பத்துக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பாக்க வரவன் மீனைப் பாக்க மாட்டான், வலையைப் பாக்க மாட்டான், ஒரு சொம்பு தண்ணி குடு பாப்போம்பான். குடிச்சிட்டு எழுந்து பூடுவான். எம்மவன் கன்னியப்பனுக்கு இதே மாரி எத்தினி எடம் பூட்ச்சு தெரியுமா? இப்ப பழவேற்காட்டுல ஒரு பொண்ணு கெடச்சுகீது. தண்ணியைக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னாங்க. வர்ற வாரம் கண்ணாலம். நீ இத்த அடச்சியானா அந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு வராது சாரு." அவ்வளவு பெரிய குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

நான் ராயபுரம் திரும்பினேன். முதலாளியின் பதில் தந்தி காத்திருந்தது: 'சபாஷ். ஒருவருக்கும் சொல்லவேண்டாம். நான் வருகிறேன்.' மாமனாரிடமிருந்து வாழ்த்து. காதர் பாய் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். உண்மையைத் தந்தியில் அடித்தேன்: 'எண்ணெய் அல்ல. தண்ணீர். மன்னிக்கவும்.' தபாலாபீஸ் பையன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தான். மறுநாள் பதில் வந்தது: 'அடைத்துவிட்டு வாரும்.'

முதலாளி சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. தட்டினால் எண்ணெய்க் கம்பெனியும் இல்லை, சுருட்டுக்கடையும் இல்லை, நடுத்தெருதான். எண்ணூர் போய் அந்தோணிசாமியிடம் சிமெண்டைக் குழைக்கச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மூட்டையைப் பிரித்தார், மணலைக் கொட்டினார், தண்ணீர் ஊற்றினார், அந்தக் குழாயிலிருந்தே பிடித்து. பெண்கள் தூரத்தில் டின்களோடு நின்றார்கள். யாராவது ஒருத்தி திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருத்தியும் திட்டவில்லை. கன்னியப்பன் மட்டும் வலையைத் தைக்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. இல்லாத எண்ணெயைக் காட்டி நான் பெண் எடுத்தேன். அவன் இருக்கிற தண்ணீரைக் காட்டிப் பெண் எடுக்கிறான். எங்கள் இருவரில் எவன் யோக்கியன் என்று யாரைக் கேட்க வேண்டும்? எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"அந்தோணி, நிப்பாட்டுங்கோ" என்றேன். "அடைக்கவேண்டாம். சுத்தவரக் கட்டுங்கோ. மேடை. சேறு பண்ணாமல் டின் வைக்கிறதுக்கு."

அந்தோணிசாமி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். சட்டை முழுக்கச் சிமெண்ட். நாகம்மா, "ஏய், நின்னுகினு வேடிக்கை பாக்குறீங்களே, கல்லு எடுத்தாங்கடீ!" என்று போட்ட சத்தத்தில் கழியிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. மேடை கட்டும் வேலைக்கு நானே மேற்பார்வை. என் மேற்பார்வையில் வாட்டம் உள்பக்கமாகப் போய்விட்டது. திறந்துவிட்ட தண்ணீர் நேரே என் காலுக்கு வந்தது. "சாரு, நீ அப்டி ஓரமா குந்து, நாங்க பாத்துக்கறோம்" என்று பெண்கள் என்னை அப்புறப்படுத்திவிட்டுச் சரிசெய்தார்கள்.

கல்யாணத்துக்கு இருந்துவிட்டே வந்தேன். போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் பெண் வந்ததும் குத்துவிளக்கு ஏற்றுவாள். இங்கே வீட்டுக்கு வந்த பெண் முதலில் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவர வேண்டுமாம். பழவேற்காட்டுப் பெண் புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினாள். இரண்டாந்தரம் பூசிய சிமெண்ட் இன்னும் காயவில்லை என்பதைக் கல்யாணச் சந்தடியில் ஒருவரும் கவனிக்கவில்லை. மேற்பார்வைக்காரனான நானும்தான். அவள் கால் அப்படியே பதிந்துவிட்டது. "ஐயய்யோ!" என்று அவள் நாக்கைக் கடித்தாள். அந்தோணிசாமி கரண்டியோடு ஓடி வந்தார், அழிக்க. "வுடு அந்தோணி, அது அப்டியே கெடக்கட்டும்" என்றாள் நாகம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி இறால் வைத்தாள்.

புறப்படும்போது ஒரு மண்ணெண்ணெய் டின்னை ஈயம் வைத்து அடைத்துக் கையில் கொடுத்தார்கள். தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி அதை முகர்ந்து பார்த்தார். "மண்ணெண்ணெய் கொண்டுபோக அனுமதி இருக்கா?" என்றார். தண்ணீர் என்றேன். "சிலோனுக்குத் தண்ணீரா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு காலில் பழைய சப்பாத்து, மறுகாலில் ராயபுரத்தில் வாங்கிய செருப்பு. அட்டையை எடுத்துக் காட்டினேன். எண்ணெய்க் கம்பெனிக் காரியதரிசி என்று படித்துவிட்டு, பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, டின்னைத் திறக்காமலே விட்டுவிட்டார்கள். அந்த அட்டையால் எனக்குக் கிடைத்த கடைசி உபகாரம் அதுதான்.

கொழும்பில் முதலாளி சுருட்டுக்கடையின் பின்னறையில் இருந்தார். நான் டின்னை மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"அடைச்சீரோ?"

"இல்லை முதலாளி. சிமெண்ட் முழுக்க மேடைக்குப் போட்டிட்டன். அந்த ஊர்ப் பெடியன் ஒருத்தனுக்குக் கலியாணம். உப்புத் தண்ணி ஊர் எண்டு பொம்பிளை குடுக்காமல் இருந்தவை. எங்கடை தண்ணியைக் குடிச்சுப் பாத்திட்டுத்தான் குடுத்தவை" என்றேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த மீதி விளக்கமெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் தாமே எழுந்து டின்னைத் திறந்து, மேசையிலிருந்த கிளாசில் ஊற்றி, ஒரு வாய் குடித்தார். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். விழுங்கினார். நரைத்த மீசையில் தண்ணீர் நின்றது.

"உப்பே இல்லையடாப்பா" என்றார். அவ்வளவு நாளும் என்னை 'நீர்' என்று தவிர வேறு விதமாக அவர் அழைத்ததில்லை. கிளாசை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். அதையும் குடித்து முடித்துவிட்டு, கிளாசைக் கவிழ்த்து வைத்தார்.

"கம்பெனிப் பலகையைக் கழட்டிப்போடு. சுவரிலை எழுதினதுக்கும் வெள்ளை அடி" என்றார். "நாளைக்குக் காலமை நேரத்தோடை கடைக்கு வா. கணக்கு எழுத ஆளில்லாமல் கிடக்கு."